சலவை அறையில் ஒட்டிய கடிதம்

அமெரிக்காவின் ஈரி நகரத்தில் ஆறு வீடுகள் கொண்ட பழைய கட்டடம் ஒன்றுக்கு வால்டர் ப்ரூசாக் சொந்தக்காரர். குழாய் ஒழுகினாலும் ஹீட்டர் படுத்தாலும் தானே ஸ்பேனரோடு வந்து நிற்பார். கெட்டவர் இல்லை. தன்னை யாரும் ஏமாற்ற முடியாது என்ற வீம்புதான் கொஞ்சம் அதிகம்.

போன வருடம் அந்த வீம்புக்கு நல்ல அடி. கட்டடத்தில் பிராணி வளர்க்க அனுமதி இல்லை; மனநலத்துக்குத் தேவை என்று மருத்துவரோ ஆலோசகரோ கடிதம் தந்தால் மட்டும் விதிவிலக்கு. குடியிருந்த ஒருவன் மலைப்பாம்பு ஒன்றைக் கொண்டுவந்து, மன அமைதிக்கு அது தேவை என்று இணையத்தில் விலைக்கு வாங்கிய கடிதத்தை நீட்டினான். வால்டர் நம்பிவிட்டார். கட்டடமே சிரித்தது. கீழ்வீட்டு கஸ் இன்னும் கிண்டலை விட்டபாடில்லை.

"வால்டர், அடுத்தது முதலை வருதாம். குளியல் தொட்டியக் கழுவி வை!"

அதனால்தான், நான்கு வருடமாக மாடியில் குடியிருக்கும் லோர்னா டிபெட்ஸ் ஒரு கிழட்டு நாய்க்காக அதே மாதிரிக் கடிதம் கொடுத்ததும் அவருக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. கடிதத்திலிருந்த எண்ணுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. முழுசாகப் படிக்கக்கூட இல்லை. பிரதி எடுத்து, மேலே இருந்த பெயரைக் கறுப்பு மையால் அடித்து, எல்லா வீட்டாரும் துணி துவைக்கும் பொதுச் சலவை அறையில், இயந்திரத்துக்கு மேலே ஒட்டினார். 'இந்த மாதிரிக் கடிதம் இனி இங்கே செல்லாது' என்று கொட்டை எழுத்தில் ஒரு வரி வேறு. வீட்டு எண்ணை அடிக்க மறந்துபோனார்.

மூன்றாம் நாள் கஸ் வந்தார். முகத்தில் சிரிப்பில்லை.

"அத நீ படிச்சுப் பாத்தியாய்யா?"

வால்டர் போய்ப் படித்தார். மகள் இறந்ததிலிருந்து, தனியாக இருந்தால் லோர்னாவுக்குப் பயத்தில் மூச்சு முட்டுகிறது. நாய் பக்கத்தில் இருந்தால் அடங்குகிறது. எட்டு மாதமாகச் சிகிச்சை. கையெழுத்து, ஊர் மருத்துவமனையின் மனநல ஆலோசகருடையது. லோர்னாவுக்கு ஒரு மகள் இருந்ததே வால்டருக்குத் தெரியாது. காகிதத்தைக் கிழித்தெடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினார்.

"தப்புப் பண்ணிட்டேன், லோர்னா. நாய் தாராளமா இருக்கட்டும். இப்பவே எழுதித் தர்றேன்."

லோர்னா கதவைப் பாதிதான் திறந்தாள்.

"மூணு நாளா எல்லாரும் எனக்குக் கதவத் தொறந்து பிடிக்கிறாங்க, வால்டர். துணிக்கூடையக் கையிலிருந்து வாங்கிக்கிறாங்க. ஏன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. நாய் இருக்கலாம்னுட்டீங்க, சரி. இனி நான் எப்படி இங்க இருக்கறது?"



மாதக் கடைசியில் அவள் காலி செய்தாள். பெட்டியைத் தூக்க வால்டர் ஓடிப்போய்க் குனிந்தார்.

"வேணாம்" என்றாள் லோர்னா. "என்னோடத எதையும் நீங்க தொடாதீங்க."