ரயிலோடு போன புத்தகங்கள்

சகோதரிகளே, உங்கள் எல்லோருக்கும் என் சலாம். மருத்துவப் படிப்பின் கடைசி வருடத்தில் பெயிலான ஒருத்தி பேசுகிறேன். எழுத்துத் தேர்வில் இல்லை, அதில் நல்ல மதிப்பெண். நோயாளியின் பக்கத்தில் நின்று செய்து காட்ட வேண்டிய கிளினிக்கல் தேர்வில்தான் பெயில்.

ஒரு பெண்ணின் வயிற்றில் மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கச் சொன்னார் தேர்வாளர். நான் படித்த ஒரு புத்தகம் வலது இடுப்பிலிருந்து கையை மேலே கொண்டுபோ என்றது. இன்னொன்று தொப்புள் பக்கத்தில் தொடங்கு என்றது. மூன்றாவதோ, இடது பக்கம் போய் நின்று விலாவுக்கு அடியில் விரல்களைக் கொக்கி போலப் போடு என்றது. மூன்றும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தன. வலப்பக்கம் தொடங்கினேன், பாதியில் கையை எடுத்தேன், கட்டிலைச் சுற்றி இடப்பக்கம் போனேன், மறுபடி திரும்பினேன். “ஏம்மா, உனக்கு என்னதாம்மா வேணும்?” என்றார் அவர். எனக்கே தெரியவில்லை.

பட்டால் புத்தி வரும் என்பார்கள். எனக்குப் புத்தகம்தான் வந்தது. சீனியர் அக்கா ஒன்றைச் சொன்னார்கள், வாங்கினேன். அவர் தோழி அது வேண்டவே வேண்டாம், இதுதான் என்றார், அதையும் வாங்கினேன். எதைத் திறந்தாலும் மற்றதில் ஏதோ விட்டுப்போகிறது என்று மனம் அடித்துக்கொள்ளும். மூடிவிட்டு அடுத்ததைத் திறப்பேன். மறுதேர்வு நெருங்கிக்கொண்டே வந்தது, எந்தப் புத்தகத்திலும் நான் பாதியைத் தாண்டவில்லை.

சோறு இறங்கவில்லை. தொழுகையில் நின்றால் ஓதுவது மறந்துபோகும். கூடப் படித்தவர்கள் பயிற்சி டாக்டர்களாக வார்டில் நடக்கும்போது நான் தூணுக்குப் பின்னால் ஒதுங்குவேன். துபாயில் இருக்கும் வாப்பா வீடியோ காலில், “இந்தத் தடவயும் ஆவலேன்னா விட்டுரும்மா. வீட்டுக்கு வந்துரு. ஒன் முகத்தப் பாக்க முடியல” என்றார்கள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். படிப்பு இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

நோன்புப் பெருநாளுக்குக் காயல்பட்டினம் வந்தபோது கூடப்பிறந்த அக்கா, என் லாத்தாதான் இஸ்திகாரா தொழச் சொன்னாள். இரண்டில் எது நல்லது என்று தெரியாதபோது அல்லாஹ்விடமே விட்டுக் கேட்கும் தொழுகை. புத்தகங்களைப் பக்கத்தில் அடுக்கி வைத்து, தொழுதுவிட்டு முஸல்லா விரிப்பிலேயே உட்கார்ந்து கையேந்தினேன். “யா அல்லாஹ், இதில் எனக்கு நல்லது எதுவோ அதை என் கையில் கொடு. மற்றதை என்னை விட்டுத் திருப்பிவிடு.” வேறு எதுவும் கேட்கத் தெம்பில்லை.

எங்கள் பக்கம் இஸ்திகாரா தொழுதால் கனவு வரும், அதில் வெள்ளையோ பச்சையோ தெரிந்தால் நல்லதற்கு அறிகுறி என்று ஒரு நம்பிக்கை. உம்மா தினமும் காலையில் என் தலைமாட்டில் வந்து நிற்பார்கள். “வெள்ளையா ஏதும் கண்டியாம்மா? பச்சையா?” ஒரு நாள் கனவில் அவித்த மரவள்ளிக்கிழங்கு வந்தது. அது வெள்ளைதானே என்று உம்மா யோசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். கனவுக்காகக் காத்திருந்து அந்த விடுமுறையையும் வீணாக்கினேன்.

புத்தகங்கள் எல்லாவற்றையும் ஒரு பையில் திணித்துக்கொண்டு, கல்லூரி இருக்கும் திருநெல்வேலிக்கு ரயில் ஏறினேன். பையை மேலே வைத்துவிட்டு, பொழுதுபோக ஒரு ஒல்லிப் புத்தகத்தை மட்டும் கையில் எடுத்தேன். நல்ல மதிப்பெண் வாங்கும் பிள்ளைகள் யாரும் அதைத் தொடுவதில்லை. ஜங்ஷனில் கூட்டத்தோடு இறங்கினேன். பை ஞாபகம் வந்து திரும்பியபோது வண்டி தென்காசிப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது.

அந்த பிளாட்பாரத்தில் உட்கார்ந்து அழுதது போல நான் என்றும் அழுததில்லை. ஸ்டேஷனில் புகார் சொன்னேன். பை கிடைக்க வேண்டும் என்று தொழுகைக்குத் தொழுகை துஆ கேட்டேன். மறுபடி போய் விசாரித்தேன். கிடைக்கவில்லை.

லாத்தாவிடம் போனில் புலம்பினேன். முழுவதையும் கேட்டாள். பிறகு, “ஏளா, அழுவய நிப்பாட்டு. அன்னிக்கு முஸல்லாவுல ஒக்காந்து நீ என்ன கேட்டே? மத்தத திருப்பிருன்னுதான கேட்டே? இப்ப அதயே திருப்பித் தா, திருப்பித் தான்னு கேக்குதியே. அல்லா இப்ப எதக் கேக்கணும்?” என்றாள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. பரீட்சை எனக்கு, அவளுக்கா? போனை வைத்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி மனதை விட்டுப் போகவில்லை. அறைத்தோழி பரிதாபப்பட்டுத் தன் பெரிய புத்தகத்தை என் மேசையில் வைத்திருந்தாள். திறக்காமலே திருப்பிக் கொடுத்தேன். ஈமான், இறைநம்பிக்கை பொங்கிக் கொடுத்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். பயந்துகொண்டே கொடுத்தேன். அதற்குப் பிறகும் வேறு புத்தகம் தேடி நூலக வாசல்வரை போய்த் திரும்பியிருக்கிறேன்.

ஒல்லிப் புத்தகத்தில் அரிய நோய்கள் எதுவும் கிடையாது. என்ன கேட்க வேண்டும், எங்கே பார்க்க வேண்டும், எந்த வரிசையில் தொட வேண்டும், அவ்வளவுதான். சீக்கிரம் முடிந்துவிடும். முடிந்ததும் செய்ய வேறு வேலை இல்லாததால் வார்டுக்குப் போனேன். படித்ததை ஒரு நோயாளியிடம், பிறகு அடுத்தவரிடம் என்று அதே வரிசையில் செய்து பார்த்தேன். கை மெதுவாகப் பழகியது.

மறுதேர்வில் எனக்குக் கிடைத்தவர் முக்கூடலில் இருந்து வந்த விவசாயி. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். என் விரல் பட்டதும், “கை என்ன தாயி இப்படிக் குளுந்து கெடக்கு? பைய பாரு. நான் எங்கன ஓடிரப் போறேன்?” என்றார். பிஸ்மில்லாஹ் சொல்லித் தொடங்கினேன். நெஞ்சைத் தட்டிக்கொண்டே இறங்கினேன். வலப்பக்கம் ஓர் இடத்தில் சத்தம் அடைத்துப்போனது. அங்கே நீர் கோத்திருக்கிறது என்று சொன்னேன். தேர்வாளர் கடைசியாகக் கேட்டது என் புத்தகத்தில் இல்லை. “தெரியாது சார்” என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு எழுந்துகொண்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று புரியாமல் முடிவு வரும்வரை செத்துப் பிழைத்தேன்.

அல்ஹம்துலில்லாஹ், பாஸானேன். வாப்பாவிடம் போனில் சொன்னேன். அழுகைச் சத்தம் மட்டும் கேட்டது. இன்று அதே வார்டில் பயிற்சி டாக்டராக இருக்கிறேன்.

சகோதரிகளே, திக்குத் தெரியாமல் நிற்கும்போது அல்லாஹ்விடம் கேளுங்கள். கேட்ட பிறகு கையை விட்டு ஏதாவது போனால் பதறாதீர்கள். நான் பதறினேன், அதனால் சொல்கிறேன். உங்கள் துஆவில் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்து மேற்படிப்புக்கு நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அதற்கு எந்தப் புத்தகம் நல்லது என்று ஆளுக்கொன்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.