சளி மேஜையில் உட்கார்ந்தவர்கள்

அடுத்தவர் இருமலுக்கு முகத்தைக் கொடுத்துச் சம்பளம் வாங்குகிற வேலை எங்களுடையது. எழுபதுகளின் கடைசியில் பாண்டிச்சேரியில், மில் சங்கு கேட்கும் தூரத்தில் இருந்த ஒரு சுகாதார நிலையத்தில் நான் நர்ஸ். சளி மேஜையில் உட்கார்ந்து வந்தவர்களே, உங்களுக்கு எதையும் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து படியுங்கள். எங்களுக்குத்தான் அந்த வசதி கிடைக்கவில்லை.

சன்னல்

டி.பி. சந்தேகம் என்றால் டப்பாவில் சளி துப்பித் தர வேண்டும். அடிவயிற்றிலிருந்து இருமினால்தான் அது வரும். "நல்லா இருமுங்க" என்று டப்பாவை நீட்டியபடி சளி மேஜையில் உட்காருவது என்னோடு இருந்த நர்ஸ் கமலாவின் வேலை. தீப்பெட்டி அளவு அறை. ஒரே சன்னல், அதுவும் தெருப் பக்கம்.

எதிர்வீட்டில் பிரெஞ்சுப் படையில் இருந்துவிட்டு பென்ஷனோடு திரும்பிய சொல்தா ஒருவர். வியாதிக் காற்று தன் வீட்டுக்குள் வருகிறது என்று அவர் மனு மேல் மனு போட, டாக்டர் ஆள் வைத்துச் சன்னலுக்கு ஆணி அடித்துவிட்டார். "அப்ப உள்ள இருக்கிற நாங்க?" என்று எதிர்வீட்டுக்கே போய்க் கேட்டாள் கமலா. சொல்தா குரலை உயர்த்தாமல் சொன்னார்:

"ஒங்களுக்கு அது வேலைம்மா. எங்களுக்கு இன்னா தலையெழுத்தா?"

முகமூடி

கமலா வாயில் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். டாக்டர் அவிழ்க்கச் சொன்னார். அவரை உங்களுக்கும் தெரிந்திருக்கும், ஒவ்வொரு நிலையத்திலும் ஒருவர் இருப்பார். டி.பி. நோயாளியை வாசற்படியிலேயே நிறுத்தி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பச் சொல்லி, ஃபேனை முதுகுக்குப் பின்னால் ஓடவிட்டுப் பேசுகிறவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் சொன்ன காரணம்:

"முகத்த மூடிக்கிட்டா பேஷண்ட் மனசு நோகாதா சிஸ்டர்?"

இருமல்

அடுத்த மழைக்காலத்தில் கமலா இருமினாள். மழைக்குளிர்தான் என்று டாக்டர் இருமல் மருந்து கொடுத்தார். கைக்குட்டையில் ரத்தம் கண்ட பிறகுதான், ஊருக்கெல்லாம் நீட்டிய டப்பாவில் அவளே துப்பினாள். டி.பி.யேதான். கைக்குழந்தையை அம்மா வீட்டில் விட்டாள். தினமும் ஊசி போட்டது நான். அந்த ஊசியால் காதுக்குள் ஓயாமல் சத்தம் கேட்கிறது என்று அழுவாள்.

வேலையில் வந்த நோய், சம்பளத்தோடு லீவு கொடுங்கள் என்று கேட்க அவளோடு தலைமை அலுவலகத்துக்குப் போனேன். மில்லில் வேலை செய்கிற புருஷனிடமிருந்து ஒட்டியிருக்கும் என்றார் கிளார்க். புருஷனுக்கு எக்ஸ்ரே எடுத்தாயிற்று, ஒன்றுமில்லை என்றேன். கிளார்க் சிரித்தார் பாருங்கள், மேஜையைப் புரட்டிப் போடலாம் போல இருந்தது.

"இங்கதான் புடிச்சிதுன்னு கிருமி வந்து சாட்சி சொல்லுமா?"

மறுபடியும் அதே நாற்காலி

சம்பளமில்லாத லீவு முடிந்து, உடம்பு தேறி வந்தவளுக்கு டாக்டர் அதே அறையைக் கொடுத்தார். உனக்குத்தான் வந்து போய்விட்டதே, இனி என்ன பயம் என்றார். படித்தவர் பேசுகிற பேச்சா இது? கமலா மேஜையின் ஒரு முனையைத் தூக்கினாள். மறுமுனையை நான் பிடித்தேன். பின்பக்கம் புங்கமரத்தடியில் கொண்டுபோய்ப் போட்டோம். நோயாளிகள் வெட்டவெளியைப் பார்த்து இருமினார்கள். டாக்டர் ஓடிவந்து, உடனே உள்ளே கொண்டுபோ என்று கத்தினார். கமலா நாற்காலியை விட்டு எழவில்லை.

"உள்ளயே போட்டுடறேன் டாக்டர். நீங்களும் வந்து என் பக்கத்துல குந்துங்க."

அவரும் வரவில்லை, மேஜையும் நகரவில்லை. எங்கள் நுரையீரலுக்கு அரசாங்கம் செய்த ஒரே பாதுகாப்பு, அந்த மரத்தை வெட்ட மறந்ததுதான்.