ஒன்பதாம் முடிச்சு

என் கண்ணுக்குத் தெரியாத தட்டைத் தெரிகிறது என்று சொன்னேன். ஒருமுறை அல்ல, ஒரு பருவம் முழுவதும். அதனால் ஒரு மனிதன் இன்று சிலாவத்துறையில், இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் கிடக்கிறான்.

இதை இதுவரை எவரிடமும் நான் சொன்னதில்லை. உங்களிடம் ஏன் சொல்கிறேன்? உங்களுக்கு என்னைத் தெரியாது... அது ஒன்றுதான் காரணம்.

நான் கணித ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். எதையும் எண்ணாமல் இருக்க முடியாதவன். பேருந்தில் ஏறினால் ஆட்களை எண்ணுவேன். செத்தவீட்டுக்குப் போனால் உட்காரப் போட்ட கதிரைகளை எண்ணுவேன். இந்தக் குணத்தைக் கேள்விப்பட்டுத்தான் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் என்னைத் தேடி வந்தார்கள். வானில் சுற்றும் செய்மதி எடுக்கும் படங்களைக் கொண்டு கரையோரத் துறைகளின் நீர்த்தெளிவைக் கணிக்கும் ஆய்வு அவர்களுடையது. மேலிருந்து நீரின் நிறம் தெரியும். ஆனால் அந்த நிறம் எத்தனை அடித் தெளிவைக் குறிக்கிறது என்பதை, செய்மதி கடக்கும் அதே காலைப்பொழுதில் இங்கே ஒருவர் அளந்து சொல்ல வேண்டும்.

வேலை எளிது. கறுப்பும் வெள்ளையுமாகப் பூசிய வட்டத் தட்டொன்றைக் கயிற்றில் கட்டி நீரில் இறக்குவது. கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சு. தட்டு எந்த முடிச்சில் கண்ணுக்கு மறைகிறதோ, அதுவே அன்றைய தெளிவு.

என்னைப் படகில் ஏற்றிச் செல்பவன் நசீர். என்னிடம் படித்தவன். முன்பு மூச்சுச் சிலிண்டர் கட்டி, ஆழத்தில் மூழ்கிக் கடலட்டை குளித்தவன். ஒருமுறை ஆழத்திலிருந்து விரைந்து எழும்பி, கால்கள் மரத்துப்போய், பிழைத்ததே பெரிது என்றார்கள். இனிக் குளித்தால் நடக்க மாட்டாய் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அதனால்தான் துறைக்கு அருகே, ஆழமில்லாத நீரில் வலையடைத்து அட்டைப் பண்ணை வைத்தான். நீங்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். அந்தப் பண்ணை அவனுக்குத் தொழில் மட்டுமல்ல. மீண்டும் ஆழத்துக்குப் போகாமல் அவனைப் பிடித்துவைத்திருந்த ஒரே வேலி.

முதல் ஆண்டு நான் ஒழுங்காகத்தான் அளந்தேன். ஏழு, எட்டு, பெரும்பாலும் ஒன்பதாம் முடிச்சு.

இரண்டாம் ஆண்டில் என் கண்களில் புரை விழுந்தது. தட்டு மூன்றாம் முடிச்சிலேயே பாலில் கரைவதுபோல மறைந்தது. குறை நீரில் இல்லை, என்னில் என்று எனக்குத் தெரியும். சொல்லியிருக்கலாம்! ஒரு வரி எழுதியிருந்தால் வேறொருவரை அனுப்பியிருப்பார்கள்.

நான் சொல்லவில்லை. மனைவி இறந்த பிறகு, செய்மதி வரும் நாளில் மட்டும்தான் எனக்காக யாரோ காத்திருந்தார்கள். 'ஐயா, உங்கள் அளவு வந்தால்தான் எங்களுக்கு வேலை' என்று அந்தப் பிள்ளைகள் தகவல் அனுப்புவார்கள். அதை இழக்க மனம் வரவில்லை. கண்ணின் பிழையைத் திருத்துகிறேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, முந்தைய ஆண்டின் எண்ணையே சொல்லத் தொடங்கினேன். விரலால் முடிச்சுகளைத் தடவி, ஒன்பது வரும்வரை கயிற்றை விட்டு, 'இப்போது மறைந்தது' என்றேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் துறையை ஆழப்படுத்தச் சேறு தோண்டினார்கள். தோண்டியதைச் சற்றுத் தள்ளிக் கடலிலேயே கொட்டினார்கள்.

ஒருநாள் நசீர் படகின் விளிம்பில் குனிந்து பார்த்தான்.

"எனக்குத் தட்டு காணேல்ல சேர். நாலாம் முடிச்சோடயே போயிட்டுது."

அந்தக் கணத்தில் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

"உன்ர கண் பழுதடா" என்றேன். "ஐம்பது வயசாகுதெல்லே. போய்க் காட்டு."

அவன் போய்க் காட்டினான்! ஐம்பது வயதுக்காரனுக்குக் வெள்ளெழுத்துக் கண்ணாடி எழுதிக்கொடுக்காத கடை எங்கே இருக்கிறது? அடுத்த முறை கண்ணாடியோடு வந்து சிரித்தான். "மீன் எல்லாம் பெருசாத் தெரியுது சேர். விலைதான் இன்னும் அதே அளவில நிக்குது."

நானும் சிரித்தேன்.

செய்மதி ஏமாறவில்லை, இதையும் எழுதிவிடுகிறேன். நீர் கலங்கியிருப்பதாகப் படம் காட்டுகிறது, ஐயா மறுபடி பார்த்தீர்களா என்று அந்தப் பிள்ளைகள் கேட்டார்கள். ஆழமில்லாத நீரில் அடித்தரையின் நிறம் படத்தைக் குழப்பும் என்று அவர்கள் எனக்குச் சொல்லித்தந்த பாடத்தையே அவர்களுக்குத் திருப்பி எழுதினேன். நேரில் நின்று பார்ப்பவன் நான் என்றும் எழுதினேன். நம்பினார்கள். என் எண்ணுக்கு ஏற்றபடி படத்தைத் திருத்தினார்கள்.

பண்ணைக்குள் சேறு வருகிறது, அறுவடை வரையாவது வேறிடத்தில் கொட்டுங்கள் என்று நசீர் முறைப்பாடு கொடுத்தான். கூட்டம் வைத்தார்கள். பதினொரு பேர். சுவரில் அந்தப் பிள்ளைகளின் வரைபடம் ஒளியாக விழுந்தது. துறை முழுவதும் நீலம், தெளிந்த நீலம். யார் அளந்தது என்று கூட்டத்தை நடத்திய அதிகாரி கேட்டார். நசீர் எழுந்து என் பெயரைச் சொன்னான். பெருமையோடு சொன்னான்... அதுதான் என்னைக் கொல்கிறது.

"சேர் அளந்தா அதில பிழை இராது. எனக்குத்தான் கண் பழுது ஐயா. நான் முறைப்பாட்டை எடுக்கிறன்."

பத்துத் தலைகள் என் பக்கம் திரும்பின. வாயைத் திறக்க எனக்கு நேரம் இருந்தது. மின்விசிறியின் இறக்கைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். மூன்று.

அட்டை செத்தால் மீனைப்போல மிதக்காது, கரைந்து கூழாகிவிடும். சேறு மூடிய வலையடைப்புக்குள் நசீர் கையை விட்டு அள்ளினான். விரல்களுக்கிடையே எல்லாம் வழிந்தது. என்னை அவன் ஒரு சொல்லும் கேட்கவில்லை. ஏதோ நோய் வந்திருக்கும் என்றான்.

ஒரு மாதம் வீட்டில் இருந்தான். பிறகு சிலிண்டரை எடுத்துக்கொண்டு ஆழத்துக்குப் போனான்.

அப்போதாவது தடுத்தேனா? தடுத்தேன். போகாதே என்று வாசலில் நின்று கெஞ்சினேன். வேறு என்ன வழி சேர் என்று கேட்டான். என்னிடம் ஒரு வழி இருந்தது. உண்மையைச் சொல்லி அந்த அதிகாரியின் முன் மண்டியிட்டிருந்தால், நட்டத்துக்கு ஈடாக ஏதாவது கிடைத்திருக்கலாம், கிடைக்காமலும் போயிருக்கலாம். நான் அதைச் சொல்லாமல், கவனம் என்று மட்டும் சொன்னேன்.

அவனைத் தூக்கிக்கொண்டுதான் கரைக்கு வந்தார்கள்.

பிறகு நான் கண் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டேன். இப்போது எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. போன வெள்ளிக்கிழமை நசீர் வீட்டுக்குப் போனபோது, போர்வைக்குள் அவன் கால்கள் மெலிந்துவிட்டது தெரிந்தது. அவன் உறங்கிக்கொண்டிருந்தான். சொல்லிவிடுவது என்று முடிவெடுத்துத்தான் போயிருந்தேன். அவன் மனைவி ஹசீனா தேநீர் கொண்டுவந்து வைத்தாள். பிறகு என்னை முற்றத்துக்குக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திப் பேசினாள். வைத்தியர்மார் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்களாம். சொந்தக்காரர் ஆறுதலுக்காகப் பேசுகிறார்களாம்.

"நீங்கள் எண்டா ஒண்டும் கூட்டிக் குறைச்சுச் சொல்ல மாட்டியள் சேர். உள்ளதைச் சொல்லுங்கோ. இவர் நடப்பாரா?"

அவள் முகத்தைப் பார்த்தேன்.

"நடப்பான்" என்றேன்.

அவள் முக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு விறுவிறென்று உள்ளே போனாள். அவனை எழுப்பும் சத்தம் கேட்டது.

"எழும்புங்கோ... சேர் சொல்லிட்டார்."