முந்தானையில் முடிந்த மாத்திரை

சுகாதாரத் துறை ஊழியனாக மலேரியா மாத்திரையோடு நான் சைக்கிளில் ஊர் ஊராகச் சுற்றிய ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில், மண்ணச்சநல்லூர் அரிசி மில் களத்தில் நெல் காயவைத்துக்கொண்டிருந்தார் அந்தப் பெண். பெயர் கேட்டதில்லை. புருவமெல்லாம் உமித்தூசி. எதைக் கொடுத்தாலும் முந்தானையில் முடிந்துகொள்வார்.

அவருடைய மகளுக்குக் குளிர்காய்ச்சல். எலும்பும் தோலுமான குழந்தைக்கு வயிறு மட்டும் வீங்கி முன்னால் நின்றது. மாத்திரையைக் கொடுத்து, வழக்கம்போல், “சாப்பிட்ட பிறகு குடும்மா” என்றேன்.

இரண்டு நாள் கழித்துப் போனால், குழந்தை சாக்குக்குள் சுருண்டு நடுங்கிக்கொண்டிருந்தது.

“மாத்திரை குடுக்கலையா?”

முந்தானையை அவிழ்த்துக் காட்டினார். அத்தனையும் அப்படியே இருந்தன.

“சாப்பிட்டப்புறம்தானேங்க குடுக்கச் சொன்னீங்க? ரெண்டு நாளா மழையில களத்துல வேலை இல்ல, கூலியும் இல்ல. புள்ள இன்னும் சாப்பிடல.”

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. வெறும் வயிற்றில் கொடுத்திருந்தாலும் குழந்தை வாந்தி எடுத்திருக்கும். உள்ளே மில் ஓடிக்கொண்டிருந்தது. அரிசி மூட்டை மூட்டையாக வெளியே வந்தது.

“இன்னிக்கு வெயில் வந்துடுச்சு, வேலை இருக்கு. கூலிக்கு நொய் குடுப்பாங்க. கஞ்சி ஊத்திட்டுக் குடுத்துடறேங்க” என்று மாத்திரையை மறுபடியும் முடிந்துகொண்டார்.

அடுத்துப் போன வீட்டில் மாத்திரையை நீட்டினேன். “எப்பங்க போடணும்?” என்று கேட்டார்கள். அடுப்பில் உலை கொதிக்கிறதா என்று முதலில் எட்டிப் பார்த்தேன்.