சிவப்புத்தாள் சொக்லட்டும் ஜெயராம் அண்ணனின் மூக்கும்

எங்கள் சொக்லட்டுக்கு முறையாக ஒரு பெயர் வைத்து, தங்க எழுத்தில் அச்சடித்து, பதிவும் செய்திருக்கிறோம். அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்ட ஒரு மனுஷரை இந்த மாவட்டத்தில் நான் கண்டதில்லை. யட்டவத்த சந்தையிலும் சரி, நாவுல பஸ் ஸ்டாண்டிலும் சரி, “சிவப்புத்தாள் ஒன்னு தாங்க” என்பதுதான் பேச்சு. யோசித்து யோசித்துப் பெயர் வைத்த எங்கள் முதலாளி ஹாஜியாருக்கு இதில் இன்றைக்கும் மனவருத்தம்தான்.

நான் அந்த ஃபெக்டரியில் சுப்பவைசராக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது அங்கே வேலை பார்க்கிற பிள்ளைகள், “பழைய கதை ஏதாச்சும் எழுதுங்க மிஸ்” என்று கேட்டார்கள். சாதனைக் கதை ஒன்றும் என்னிடம் இல்லை. ஒரு நல்ல மனுஷனின் வேலை போகப் பார்த்த கதை ஒன்று இருக்கிறது. அதை எழுதுகிறேன்.

என்ன மசாலா போடுறீங்க?

ஹாஜியாருடையது வாசனைச் சரக்குக் குடும்பம். மிளகு, கராம்பு, சாதிக்காய், ஏலம் என்று அவருடைய வாப்பா காலத்திலிருந்தே வியாபாரம். சரக்குக் கொண்டுவருகிற தோட்டக்காரர்கள் கூடவே ஒரு சாக்குக் கொக்கோக் கொட்டையையும் இறக்கிவிட்டுப் போவார்கள். அது ஸ்டோரில் கராம்புக்கும் சாதிக்காய்க்கும் நடுவில் கிடந்துவிட்டுக் கொழும்புக்குப் போகும். “நம்மட கொட்டைய வாங்கி, சொக்லட்டாக்கி, நமக்கே விக்கிறானுகள்” என்று ஒருநாள் கோபம் வந்துதான் ஹாஜியார் ஒரு பழைய கிரைண்டரைக் கொண்டுவந்து இறக்கினாராம். முதலில் வந்த சொக்லட்டைக் கடித்தால் பல்தான் உடையும். பிறகு சீனி, பால்மா அளவெல்லாம் திருத்தித் திருத்தி ஒரு வழிக்கு வந்தது. தாள் சிவப்பானதற்கும் பெரிய காரணம் கிடையாது. அச்சகத்தில் அன்று மிச்சமிருந்தது அந்த நிறம்தான்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் கண்டியிலிருந்து ஒரு கடைக்காரர் வந்திருந்தார். ஒரு துண்டை வாயில் போட்டுவிட்டு ஹாஜியாரிடம் கேட்டார்.

“இதுக்கு என்ன மசாலா போடுறீங்க?”

“வல்லாஹி, ஒன்னும் போடல்ல. கொக்கோ, சீனி, பால்மா. அவ்வளவுதான்.”

“சொல்ல இஷ்டமில்லாட்டி விடுங்க ஹாஜியார்” என்று அவர் சிரித்துக்கொண்டே போனார்.

வெளியூரிலிருந்து வருகிற எல்லோரும் இதையே கேட்டார்கள். ஹாஜியாரும் ஒவ்வொரு முறையும் அல்லாஹ்மேல் சத்தியம் செய்தார். நானும் ருசி பார்த்தேன். நல்ல சொக்லட் ருசி, வேறொன்றும் தெரியவில்லை. மாத்தளை டவுனில் வாசனைச் சரக்குக் கடைகளுக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவள் நான். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரோஸ்டர்

ஃபெக்டரி தொடங்கிய நாளிலிருந்து கொட்டை வறுத்தவர் ஜெயராம் அண்ணன். ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். ரோஸ்டரில் டெம்பரேச்சர் காட்டுகிற முள்ளும் உண்டு, டைமரும் உண்டு. ஆனால் கடைசி நேரத்தில் அவர் கதவுப் பக்கம் முகத்தைக் கொண்டுபோவார். ஒரு மூச்சு இழுப்பார். “வந்துருச்சு” என்பார், ஏதோ விருந்தாளி வந்ததுபோல. உடனே கொட்டையை இறக்கிவிடுவார். கருகியது என்றோ பச்சை வாடை என்றோ அவர் கையிலிருந்து ஒரு ஈடு கொட்டையும் போனதில்லை.

கொரோனா வந்தபோது அவருக்கு வாசம் போய்விட்டது. அதை மறைக்காமல் தாமே வந்து சொல்லி, லீவு போட்டு, வாசம் திரும்பிய பிறகுதான் ரோஸ்டர் பக்கம் வந்தார். அப்படி ஒரு நாணயமான மனுஷன்.

புது ஸ்டோர்

ஹாஜியாரின் மகன் ரிஸ்வான் தங்கமான பிள்ளை. படித்த படிப்பை வாப்பாவிடம் காட்டி வாதாடாது. கொழும்பிலிருந்து ஒரு எக்ஸ்பர்ட்டைக் கூட்டிவந்து எல்லாவற்றையும் காட்டினது. அவர் பழைய ஸ்டோரைப் பார்த்துவிட்டு, “கொக்கோவைத் தனியாக வையுங்கள்” என்று சொல்லிவிட்டுப் போனார். அதில் பிழை சொல்ல ஒன்றுமில்லை, புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் டைல்ஸ் போட்டுப் புது ஸ்டோர் கட்டினோம். புதுச் சாக்கு, புதுப் பலகை. திறப்பு அன்று நானே பெருமையோடு நின்று படம் எடுத்துக்கொண்டேன்.

கொஞ்ச நாளில் மாலா அக்காவிடமிருந்து போன் கோல் வந்தது. ரிவர்ஸ்டன் பாதையில் தேத்தண்ணிக் கடை வைத்திருப்பவர். பனி பார்க்க வருகிறவர்களுக்கு எங்கள் சொக்லட்டைப் பெட்டி பெட்டியாக விற்றுத் தருவார்.

“மிஸ், இது என்ன டூப்ளிகேட்டா?”

“ஏன்க்கா?”

“இது நம்ம சிவப்புத்தாள் இல்ல மிஸ். தாள் மட்டுந்தான் சிவப்பு. உள்ள வேற என்னமோ இருக்கு.”

ஒரு கடை என்றால் விட்டுவிடலாம். நாவுலயிலிருந்து பெட்டி திரும்பி வந்தது. யட்டவத்தயிலிருந்து வந்தது. நாங்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பழையதையும் புதியதையும் ருசி பார்த்தோம். எங்கள் நாக்குக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. சாமான் மட்டும் திரும்பிக்கொண்டே இருந்தது.

அளவு மாறவில்லை, மெஷின் மாறவில்லை. அப்படியென்றால் ஆள்தானே? “அவருக்குக் கொரோனால மூக்குப் போனதுதானே” என்று பேக்கிங் பக்கம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அடுத்த நாள் ஃபெக்டரி முழுக்க அதே பேச்சு.

மனசு கேட்காமல் ஜெயராம் அண்ணனிடமே போனேன். அவர் தோளில் கிடந்த துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“ஒங்ககிட்ட மறைக்க மாட்டேன் மிஸ். கொஞ்ச நாளா அந்த வாசம் வரல. நெறம் சரியா வருது, கொட்டை வெடிக்கிற சத்தம் சரியா இருக்கு. கடைசில ஒன்னு வருமே, அது வரல. திரும்பவும் போயிருச்சு போல.”

“வீட்டுல வாசம் தெரியுதா அண்ணே?”

“பேத்தி பொறந்திருக்காள்ல, அவ தலைய மோந்து பாத்தேன். பால் வாசம் வந்த மாதிரித்தான் இருந்துச்சு. நெனப்புல வந்திருக்கும் மிஸ். இல்லாட்டி ஊரே சொல்லுமா?”

அவருடைய மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். மருமகனுக்கு வேலை இல்லை. அத்தனை பேருக்கும் இவர் ஒருவருடைய சம்பளம்தான்.

ஹாஜியார் அன்று சாப்பிடவே இல்லை. “மொத நாள்லேந்து என்னோட ஈக்குற ஆளு தங்கச்சி. சாமான் திரும்பி வருதே, நான் என்ன செய்ய?” என்றார்.

“பேக்கிங்ல போடுவோம் வாப்பா. வீட்டுக்கு அனுப்ப வாணாம்” என்றது ரிஸ்வான்.

ஜெயராம் அண்ணன்தான் ஒத்துக்கொள்ளவில்லை. “மூக்கில்லாதவனுக்கு எரக்கப்பட்டு சோறு போட வேணாம் முதலாளி. மாசம் முடிய வேலைய விட்டு நின்னுக்கிறேன்” என்று சொல்லிவிட்டு ரோஸ்டருக்குப் போய்விட்டார். அந்த ரோசத்தைப் பார்த்து எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

மழை

அந்த மாதமே அடைமழை. புது ஸ்டோர் பாதையில் மண்மேடு சரிந்து லொறி போக வழியில்லை. வறுக்கக் கொட்டை இல்லை என்றதும் ஹாஜியார் சொன்னார்: “பழைய ஸ்டோர்ல கராம்புச் சாக்குக்குப் பின்னால கொஞ்சம் ஏத்தாம கெடக்குது. அத எடுங்க.”

அன்று நான் கொட்டையை அறுத்துப் பார்த்து கட் டெஸ்ட் செய்துகொண்டிருக்கிறேன். ரோஸ்டர் பக்கமிருந்து ஒரு சத்தம்.

“மிஸ்! வந்துருச்சு! மிஸ், வந்துருச்சு!”

நெருப்புத்தான் பிடித்துவிட்டதோ என்று ஓடினேன். ஜெயராம் அண்ணன் ரோஸ்டர் கதவருகே நின்று சிரிக்கிறார், கண்ணில் தண்ணீர் ஓடுகிறது. மூக்கு திரும்பிவிட்டது! பேக்கிங் பிள்ளைகள் கைதட்டினார்கள். ஹாஜியார் “அல்ஹம்துலில்லாஹ்” என்று சொல்லி, வீட்டிலிருந்து எல்லோருக்கும் வட்டிலப்பம் எடுப்பித்தார்.

அடுத்த நாள் பாதை திறந்தது. புது ஸ்டோர்க் கொட்டை வந்தது. ஜெயராம் அண்ணன் வறுத்தார், மூச்சிழுத்தார், அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

“போயிருச்சு மிஸ்.”

எனக்குச் சட்டென்று கோபம் வந்தது. “மூக்கு என்ன நாவுல பஸ்ஸா, ஒரு நாள் வந்துட்டு ஒரு நாள் வராம நிக்க?” என்று கத்திவிட்டேன். நேரே போய் என் சோற்றுப் பார்சலை எடுத்துவந்தேன். “கண்ண மூடுங்க. பிரிக்க மாட்டேன். உள்ள என்ன கறி, சொல்லுங்க.”

“பருப்பு” என்றார். “நெத்தலிக் கருவாடு. பெறகு பலாக்காய்...” கொஞ்சம் தயங்கினார். “பலாக்காய் நேத்துக் கறி மிஸ்.”

நேற்றுக் கறிதான். இதைப் போய் இத்தனை பேர் முன்னால் சொல்ல வேண்டுமா? பேக்கிங் பிள்ளைகள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. சிரித்தால் சிரிக்கட்டும். நேற்றுக் கறியைப் பிரிக்காமலே பிடிக்கிற மூக்குக்கு என்ன நோய்? மூக்கு நன்றாக இருக்கிறது என்றால் கொட்டையில்தான் ஏதோ இருக்கிறது.

இரண்டு ஸ்டோரிலிருந்தும் ஒவ்வொரு பை கொட்டை எடுத்துவந்து மோந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. ரிஸ்வானுக்கும் தெரியவில்லை. ஹாஜியாருக்கும் தெரியவில்லை. மூன்று பேரும் மாத்தளை டவுன்.

“வேனை எடுங்க தம்பி, மாலா அக்காகிட்டப் போவோம்” என்றேன். ஹாஜியாரும் கூடவே ஏறிக்கொண்டார்.

ரிவர்ஸ்டனில் பனி இறங்கியிருந்தது. காற்று அள்ளிக்கொண்டு போகிறது. கடை வாசலில் நின்று தேத்தண்ணி குடித்துக் குளிர் விட்ட பிறகு இரண்டு பைகளையும் நீட்டினேன். மாலா அக்கா முதல் பையை மோந்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். இரண்டாவதை மோந்ததும் முகம் மலர்ந்தது. “இது! இதுதான் நம்ம சிவப்புத்தாள்!”

ஹாஜியார் அந்தப் பையை வாங்கி முகத்தை உள்ளேயே விட்டார். சரக்குக் கடைகளின் வாடையே இல்லாத அந்தக் காற்றில் இன்னொரு முறை மூச்சிழுத்தார்.

“யா அல்லாஹ்” என்றார். “கராம்பு. சாதிக்காயும் ஈக்குது. எத்தன பேர்ட்ட சத்தியம் செஞ்சன் தங்கச்சி!”

கொக்கோக் கொட்டையில் கொழுப்பு உண்டு. பக்கத்தில் எது கிடந்தாலும் அதன் வாசத்தைக் குடித்துவிடும். கராம்புச் சாக்கில் கட்டி, சாதிக்காய்க்குப் பக்கத்தில் அடுக்கி வைத்த கொட்டையைத்தான் இத்தனை காலமும் சொக்லட்டாக்கியிருக்கிறோம். சனம் தேடி வாங்கியதும் அந்த வாசத்தைத்தான். சரக்கு வாசத்திலேயே பிறந்து கிடந்த எங்களில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. மலைத் தோட்டத்துக் காற்றிலிருந்து வருகிற ஜெயராம் அண்ணனோ அதை வறுபடுகிற கொட்டையின் வாசம் என்றே நினைத்திருந்தார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான்.

அதற்குப் பிறகு

இப்போது டைல்ஸ் போட்ட புது ஸ்டோரில் கொக்கோவுக்குப் பக்கத்திலேயே கராம்பும் சாதிக்காயும் அடுக்கியிருக்கிறார்கள். கொழும்பு எக்ஸ்பர்ட் தலையில் கைவைத்தார். “எங்கட சாமான் அப்படித்தான் சேர்” என்று ரிஸ்வான் சொல்லிவிட்டது. மசாலா பற்றி யாராவது கேட்டால் ஹாஜியார் சத்தியம் செய்வதில்லை. “ஸ்டோர்ல ஈக்குது” என்கிறார்.

வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஏதாவது கெட்டுப்போனால் உடனே ஆளைத் தேடாதீர்கள். கிட்டடியில் எதைத் திருத்தினோம் என்று முதலில் பாருங்கள். நல்லது என்று நினைத்துச் செய்தது கண்ணுக்குத் தெரியாது, மனுஷன்தான் கண்ணில் படுவான்.

அன்று ரிவர்ஸ்டனிலிருந்து திரும்பியதும் ஹாஜியார் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே ரோஸ்டருக்குப் போனார்.

“ஜெயராம், ஒங்கட மூக்குக்கு ஒன்னுமில்ல. செத்துக் கெடந்தது எங்கட மூக்குத்தான். மனசுல வச்சுக்காதீங்க.”

ஜெயராம் அண்ணன் என்னைப் பார்த்தார். “மெய்யாவா மிஸ்? வாசம் கொட்டையிலதான் இல்லாம இருந்துச்சா?”

“ஆமாண்ணே. ஒங்க மூக்கு ஒரு நாளும் போகல.”

அவர் சந்தோஷப்பட்டுக் குதிக்கவில்லை. ரோஸ்டரை நிறுத்தினார். துவாயை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“அப்படின்னா நான் இன்னிக்கு முந்தின பஸ்ஸுல போறேன் முதலாளி” என்றார். “புள்ள தலைய இன்னொருக்கா மோந்து பாக்கணும்.”