ரேமில் ஒரு சிவப்புப் புள்ளி

ஃபிராவ் ஹான்சன் என்ற அந்த அம்மாவுக்கு எழுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். கம்பியூட்டர் நின்று நின்று வேலை செய்கிறது என்று நான் வேலை பார்க்கும் கடைக்குத் தொலைபேசியில் சொல்லியிருந்தார். நான் போய் மணியை அழுத்தினேன். கதவைத் திறந்தார், மேசையைக் காட்டினார், கடவுச்சொல் எழுதிய துண்டுத் தாளைக் கையில் கொடுத்தார், பேக்கரியில் பாண் வாங்கி வருவதாகச் சொல்லி கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். வீட்டுச் சாவி கதவிலேயே தொங்குகிறது. கண்ணாடி அலுமாரிக்குள் வெள்ளிக் கரண்டிகள் வரிசையாக இருக்கின்றன. முன்பின் தெரியாத ஒருவனிடம் வீட்டையே விட்டுவிட்டு ஒரு மனுஷி பாண் வாங்கப் போகிறார்! எனக்குக் கை ஓடவில்லை. பெட்டியின் மூடியைத் தொடாமல், அவர் திரும்பி வரும்வரை ஜன்னலோரம் நின்றுகொண்டே இருந்தேன்.

வந்ததும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, எனக்குத் தெரிந்த ஜேர்மன் மொழியில் “பிட்டே, ஹியர் ஸிட்சென்” என்றேன். தயவுசெய்து இங்கே உட்காருங்கள், நான் கழற்றுவதைப் பாருங்கள் என்று அர்த்தம் வரும் என்றுதான் நினைத்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். இந்த வேலை உங்களுக்குப் புதிதா என்று மெதுவாகக் கேட்டார். உட்காரவும் செய்தார், ஆனால் முகத்தில் கவலை. மறுநாள் கடைக்கு அழைத்து, அடுத்த முறை அனுபவமுள்ள ஒருவரை அனுப்ப முடியுமா என்று விசாரித்திருக்கிறார். முதலாளி சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: வாடிக்கையாளரை உட்கார வைக்காதே, அவர்களுக்கு வேறு வேலை இருக்கும். ஐந்து வருஷமாகிறது. இன்றும் யாராவது கம்பியூட்டரை என்னிடம் தந்துவிட்டு அறையை விட்டு வெளியேறினால் எனக்கு முதுகு கூசுகிறது.

ஏன் கூசுகிறது என்பதைப் பதுளைக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். இலங்கை மலைநாட்டில் எங்கள் பக்கம் ஒரு காலத்தில் லெப்டொப்பைத் திருத்தக் கொடுப்பவர்கள் உள்ளே இருக்கும் பாகங்களில் நெயில் பாலிஷால் சின்னப் புள்ளி வைத்துக் கொடுப்பார்கள். கடைக்காரர் நல்ல ரேம் நினைவகத்தைக் கழற்றிக்கொண்டு மட்டமானதைப் போட்டுவிட்டால் கண்டுபிடிப்பதற்கு. நானும் ரிஸ்மியும் இருபத்திரண்டு வயதில் அப்படியொரு கடையில்தான் வேலை பழகினோம். ரிஸ்மி பதுளை டவுன்காரன், துணிக்கடைக் குடும்பம். நான் தேயிலைத் தோட்டத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவன். ஒருநாள் பசறைப் பக்கத்து ஆசிரியர் ஒருவரின் லெப்டொப் வந்தது. புள்ளி எதுவும் இல்லை. எட்டு ஜிபி ரேமைக் கழற்றி நாலைப் போடு என்றார் முதலாளி. நான் தலையைக் குனிந்துகொண்டு ஸ்குரூவைக் கழற்றத் தொடங்கினேன். ரிஸ்மி தன் கையிலிருந்த ஸ்குரூ டிரைவரை மேசையில் வைத்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டான். அதைப் பார்த்துத்தான் நானும் எழுந்தேன். அவன் எழும்பியிருக்காவிட்டால் நான் எழும்பியிருப்பேனா என்று என்னையே கேட்டுப் பார்க்க இன்றைக்கும் எனக்குப் பயம்.

பிறகு பஜாருக்குப் பக்கத்தில், கையை நீட்டினால் இரண்டு சுவரையும் தொடக்கூடிய ஓர் அறையில் நாங்களே கடை போட்டோம். சட்டம் ஒன்றே ஒன்று: வந்தவரின் கண் முன்னால்தான் திறப்பது. புள்ளி வைத்துக்கொண்டு வருகிறவர்களிடம் ரிஸ்மி சிரித்துக்கொண்டே சொல்வான், “இங்க புள்ளி வேணாம். நீங்களே பக்கத்துல குந்திப் பாத்துக்கோங்க.” பண்டாரவளையிலிருந்து, வெலிமடையிலிருந்து எல்லாம் வந்து குந்தினார்கள். சிலர் மரக்கறி மூட்டையோடு வந்து குந்தினார்கள். இரண்டு மூன்று வருஷத்தில் எங்கள் கடைக்குப் புள்ளியோடு வருகிறவர்களே இல்லாமல் போனார்கள். நாங்கள் வாழ்க்கையில் சாதித்தது என்று எதையாவது சொல்லச் சொன்னால் நான் அதைத்தான் சொல்வேன்.

மனைவிக்கு இங்கே ஜேர்மனியில் முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்ததும் கடையை அவன் பொறுப்பில் விட்டுவிட்டு வந்தேன். ஆள் வந்தாலும் கைபேசி விடவில்லை. ஹாலிஎலையிலிருந்து ஒருவர் லெப்டொப் சூடாகிறது என்பார், டுபாயில் இருக்கும் நம்மவர் ஒருவர் ஊருக்கு ஃபோன் வாங்கி அனுப்பப்போகிறேன், எது நல்லது என்பார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளாமல் ஒரு குறிப்பு எழுதி வட்ஸ்அப்பில் வைத்துக்கொண்டேன். இதை வாசிக்கும் உங்களில் சிலருக்கும் அது வந்திருக்கும். லெப்டொப் மெதுவாக ஓடினால் புதிது வாங்க ஓடாதீர்கள். உள்ளே சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க் இருந்தால் அதை மாற்றி எஸ்எஸ்டி போடுங்கள், நாலு ஜிபி ரேமை எட்டாக்குங்கள், பாதி நோய் அதிலேயே போய்விடும். ரேம் கழற்றக்கூடியதா, பலகையோடு பற்றவைத்ததா என்று முதலில் கேளுங்கள். எதையும் திறப்பதற்கு முன் படங்களையும் பத்திரங்களையும் வேறொரு இடத்தில் பிரதி எடுங்கள். பற்றரி ஊதி டச்பேட் மேலே எழும்பினால் அன்றைக்கே பாவிப்பதை நிறுத்துங்கள், அமுக்கிப் பார்க்காதீர்கள். நனைந்த ஃபோனை அணைத்துக் காற்றில் காயவிடுங்கள், அரிசிக்குள் புதைக்க வேண்டாம், அரிசியைச் சோறாக்குங்கள். தோட்டத்து லய வீட்டில் அடுப்பு மூட்டும் இடத்துக்குப் பக்கத்தில் கம்பியூட்டர் இருந்தால் புகைக்கரி விசிறியில் பிசுக்காக ஒட்டும், அதைத் துடைக்காமல் சூடு தணியாது. இப்படிப் போகும். வேறெங்கோ யாரோ ஏமாந்த கதையைக் கேட்ட கோபத்தில் கடைசியாக ஒரு வரி சேர்த்தேன்: புதுப் பாகம் வாங்கிக் கொடுக்கும்போது அதில் நெயில் பாலிஷ் புள்ளி வைத்துக் கொடுங்கள்.

எந்தப் புள்ளியை நாங்கள் இருவரும் சேர்ந்து ஒழித்தோமோ அதை நானே ஊர் ஊராக அனுப்பிக்கொண்டிருந்தேன். அதில் ஒரு நண்பனை இழந்துவிட்டேனோ என்று இப்போது இருப்புக்கொள்ளாமல் தவிக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் தங்கை சுமதி தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறாள், கூடவே தபால் வழியில் பட்டப்படிப்பும் படிக்கிறாள். போன முறை ஊருக்குப் போனபோது இங்கே ஓர் அலுவலகம் கழித்துவிட்ட லெப்டொப்பை அவளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஜேர்மன் விசைப்பலகையில் ஒய் இருக்க வேண்டிய இடத்தில் இசட் இருக்கும். அதைத் திட்டிக்கொண்டே பழகிவிட்டாள். போன மாதம் அது படுத்துக்கொண்டது. திறந்தால் சுற்றிக்கொண்டே இருக்கிறது, தட்டினால் அப்படியே உறைந்துவிடுகிறது. கடைசி வருஷ ஆய்வறிக்கை அதற்குள்தான் இருக்கிறது, குறித்த திங்கட்கிழமை கொடுக்காவிட்டால் ஒரு வருஷம் போய்விடும். நான் ஒரு எஸ்எஸ்டியும் எட்டு ஜிபி ரேமும் வாங்கி, ஊருக்குப் போன ஒருவரிடம் கொடுத்தனுப்பினேன். ரிஸ்மியிடம் கொண்டுபோய்ப் போட்டுக்கொள் என்றேன். பழக்கதோஷத்தில் அந்தக் குறிப்பையும் அவளுக்குத் தள்ளிவிட்டேன்.

அதோடு நின்றிருந்தால் மறதி என்று சொல்லித் தப்பித்திருப்பேன். சுமதி விவரமானவள். உடனே குரல் பதிவு அனுப்பினாள். “அண்ணே, நான் ரிஸ்மி அண்ணன் கடைக்குத்தானே கொண்டு போறேன். அங்கயுமா புள்ளி வைக்கணும்?”

நான் ரயிலுக்கு ஓடிக்கொண்டிருந்தேன். மூச்சு வாங்க இரண்டு சொல்லில் பதில் அனுப்பினேன். “எதுக்கும் வச்சிரு.”

அந்த ‘எதுக்கும்’ எங்கிருந்து வந்தது என்று பஸ்ஸிலும் ரயிலிலும் யோசித்துப் பார்த்துவிட்டேன். ரிஸ்மி ஒருநாளும் எனக்கு ஒரு குறை வைத்ததில்லை. சமையலறையில் நின்று மனைவியிடம் கேட்டேன். அவள் பண்டாரவளைக்காரி, சுற்றி வளைத்துப் பேசமாட்டாள். “நீங்க ரிஸ்மி எடத்துல இருந்திருந்தா என்ன செஞ்சிருப்பீங்கன்னு நெனச்சுத்தான் வைக்கச் சொல்லியிருக்கீங்க” என்றாள். எனக்கு ஆத்திரம் வந்தது. கழுவிய கோப்பையையே மறுபடியும் கழுவினேன்.

சனிக்கிழமை காலை. மனைவி வேலைக்குப் போயிருந்தாள். பதுளையில் மத்தியானம் தாண்டியிருக்கும். சுமதி வீடியோவில் அழைத்தாள். “ரிஸ்மி அண்ணன் உங்களக் கூப்பிடச் சொன்னாரு” என்றாள். குரல் சரியில்லை. ஃபோனைக் கடை மேசையின் கண்ணாடிமேல் எதிலோ சாய்த்து வைத்தாள். எட்டு வருஷம் அந்தக் கடைக்குள் இருந்தவன் நான். வாடிக்கையாளர் நிற்கிற பக்கத்திலிருந்து அதைப் பார்த்தது அன்றைக்குத்தான். மேசைக்கு அந்தப் பக்கம் ரிஸ்மி. தாடியில் ஒன்றிரண்டு நரை.

“சொகமா ஈக்கிறீங்களா அண்ணன்?” என்றான்.

எங்கள் இருவருக்கும் ஒரே வயது. அவன் வாயிலிருந்து எனக்கு ‘டேய்’யும் ‘மச்சானும்’ தவிர வேறெதுவும் வந்ததில்லை.

“டேய், என்னடா அண்ணன் கிண்ணன்னுக்கிட்டு?”

அவன் நிமிரவில்லை. பையைப் பிரித்து ஒவ்வொன்றாகக் கைபேசிக்கு நேரே பிடித்தான். “பாத்துக்கோங்க. இது நீங்க அனுப்பின எஸ்எஸ்டி. புள்ளி ஈக்குது. இது ரேம். இதுலயும் புள்ளி வச்சதாத் தங்கச்சி சொன்னாங்க. இப்ப போடுறேன்.” ஒரு ஸ்குரூவைக் கழற்றினாலும் காட்டிவிட்டுத்தான் கழற்றினான். நான் சமையலறைக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருந்தேன். உட்கார முடியவில்லை. கோபப்பட்டுத் திட்டியிருந்தால் பத்து நிமிஷத்தில் சரியாக்கியிருப்பேன். இந்த மரியாதையை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

பட்டனை அழுத்தினான். மூன்று முறை பீப் சத்தம். திரை கறுப்பாகவே இருந்தது.

“ஐயோ, திங்கக்கெழம குடுக்கணுமே!” என்றாள் சுமதி.

எனக்குப் பதற்றம் வந்தால் வாய் நிற்காது. “ரேமக் கழட்டி மத்த ஸ்லொட்ல போட்டுப் பாரு. சரியா அமுங்கலையோ என்னமோ” என்று இங்கிருந்து கத்தினேன். “சரிங்க” என்று சொல்லி மாற்றிப் போட்டான். அதே மூன்று பீப். பழைய ரிஸ்மியாக இருந்தால், அவ்வளவு தெரிஞ்சவன் வந்து போடேண்டா என்றிருப்பான். இப்போது ரேமைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பிறகு என் பக்கம் திருப்பினான். பின்பக்கம் அடியில் பொன்னிறப் பற்கள் வரிசையாக இருக்குமே, ஸ்லொட்டுக்குள் போய்த் தொடுகிற பற்கள், அதில் நாலைந்தின் மேல் சிவப்பாக நெயில் பாலிஷ் காய்ந்திருந்தது.

சுமதி அழாத குறையாகச் சொன்னாள். “பச்சையில வச்சா அசிங்கமாத் தெரியும்னு அந்தத் தங்கக் கலர்ல வச்சேன் அண்ணே. எங்க வைக்கக் கூடாதுன்னு நீங்க எழுதலையே.”

எழுதவில்லைதான்.

ரிஸ்மி ஒரு பல் குத்தும் குச்சியையும் அழிறப்பரையும் எடுத்து வைத்துக்கொண்டான். உடனே தொடங்கவில்லை. கைபேசியைப் பார்த்துக் கேட்டான். “இதத் தொடச்சாத்தான் ஓடும். தொடச்சா இது உங்கட ரேம்தான்னு காட்ட அடையாளம் இல்லாமப் போகும். தொடைக்கவா?”

அவன் குத்திக்காட்டக் கேட்கவில்லை என்பதுதான் என்னைக் கொன்றது. வேறு எந்த வாடிக்கையாளரிடமும் அவன் கேட்டிருக்கக்கூடிய கேள்வி அது. “தொடைடா” என்றேன். அங்கே கேட்கவில்லை போல, இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருந்தது.

குச்சியால் மெல்லச் சுரண்டினான். அழிறப்பரால் ஒரே திசையில் தேய்த்தான், ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தான், காயும்வரை காத்திருந்தான். பொருத்தி அழுத்தியதும் திரை வெளிச்சமானது. பழைய டிஸ்க்கிலிருந்து எல்லாவற்றையும் புதியதற்கு மாற்றிக் கொடுத்து, “தங்கச்சி, உள்ள அந்த மேசையில குந்தி உங்கட ஃபைல் எல்லாம் ஈக்குதான்னு பாருங்க” என்றான். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது, “இருக்கு, எல்லாம் இருக்கு!” கழற்றிய டிஸ்க்கையும் பழைய ரேமையும் ஓர் உறையில் போட்டு, எனக்குக் காட்டி, மூடி வைத்தான்.

“மச்சான், தப்பு என்னோடதுடா” என்றேன். “சுமதி கேட்டா. நான்தான் வைக்கச் சொன்னேன்.”

“அதுல என்ன ஈக்குது அண்ணன். சாமான் குடுக்கிறவங்க பாத்துக்கிறது நல்லதுதானே” என்றான். சிரிக்கவும் செய்தான். வாசலுக்கு வருகிற எல்லோருக்கும் சிரிக்கிற அதே சிரிப்பு.

நான் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கடைக்கு ஆள் வந்துவிட்டது. மேசையில் இடம் வேண்டியிருந்ததால் அவன் ஃபோனை எடுத்து ஓரமாகப் படுக்க வைத்தான். எனக்குக் கடையின் கூரை மட்டும் தெரிந்தது. கூரையோரம் மின்கம்பியை மூடும் வயர்ப்பட்டி கோணலாக ஓடியது. கடை திறப்பதற்கு முதல் நாள் நாற்காலியில் ஏறி நின்று அதை அடித்தது நான். கீழே நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்த ரிஸ்மி எதற்கோ சிரித்துச் சிரித்து ஆட்டிவிட்டதில் அது கோணலாகப் போனது. பிறகு நேராக்கியிருக்கலாம், அவன் ஆக்கவில்லை.

“யாரோ லைன்ல இருக்காங்க போலங்க?” என்று வந்தவர் கேட்டது காதில் விழுந்தது.

“அது வெளிநாட்டுக் கஸ்டமர் ஒராள்” என்றான் ரிஸ்மி. “நீங்க இப்பிடி வந்து குந்துங்க. உங்கட கண்ணு முன்னாலதான் தொறப்பேன்.”

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. நான் அழைப்பைத் துண்டிக்கவில்லை. சுமதி வந்து ஃபோனைக் கையில் எடுக்கும்வரை, பதுளையில் மல்லாந்து கிடந்தபடி, நான் அடித்த ஆணிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.