கடைசி அறைக்குப் போன வயர்

அந்த எலெக்ட்ரீஷியனுக்குப் பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. கல்யாணப் பத்திரிகையில் அச்சடித்ததோடு சரி, அதற்குப் பிறகு யாரும் அதைத் தொடவில்லை. எல்லோருக்கும் அவர் கிளிப்காரர்.

வீட்டுக்காரர்கள் சுவரில் பளபளக்கும் சுவிட்சைப் பார்த்துச் சந்தோஷப்படுவார்கள். கிளிப்காரர் அதைக் கண்டுகொள்ளவே மாட்டார். அவர் கவலையெல்லாம் சீலிங்குக்கும் கூரைக்கும் நடுவில், எலியும் சிலந்தியும் மட்டும் வாடகை தராமல் குடியிருக்கும் அந்த இருட்டைப் பற்றித்தான்.

"வயருங்கறது மனுஷன் மாதிரி படுக்கக் கூடாதுங்க, கொடித்துணி மாதிரி தொங்கவும் கூடாது. சீலிங் கட்டையோட பக்கவாட்டுல ஒட்டிக்கிட்டே போகணும், முழத்துக்கு ஒரு கிளிப். கட்டை மேல போட்டா எவனாவது மிதிப்பான். வெயிலுக்கு விரிக்கிற பஞ்சுக்கு அடியில போட்டா சூடு வெளிய போகாது. தகரத்து ஓரத்துல போட்டீங்கன்னா, அது வயர் இல்ல, வெடிக்குத் திரி."

பல்பு மாற்றக் கூப்பிட்டவர்களுக்கும் இந்தப் பிரசங்கம் இலவசம். கேட்டு முடித்தவர்கள் பயந்துபோய் அடுத்த பல்பைத் தாங்களே மாற்றிக்கொண்டார்கள்.

பிரசங்கம் முழுவதையும் அவர் தரையில் நின்றுதான் செய்வார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கூரைக்குள் ஏறுகிறவன் வேறு ஆள். அவர் மனைவியின் தம்பி, ஈர்க்குச்சி உடம்பு, எந்தச் சந்திலும் நுழைவான். பல்லி என்றால்தான் திரும்பிப் பார்ப்பான். பல்லி மேலே வயரை நீட்டிக் கிளிப் அடித்துக்கொண்டே போவான். கிளிப்காரர் கீழே, சுவர் ஓட்டை வழியாக வரும் முனையைப் பிடித்து இழுப்பார். கத்தினால் சீலிங்குக்குள் ஒன்றும் கேட்காது. அதனால் தட்டுதான் பேச்சு. பலகையில் ஒரு தட்டு என்றால் இழு, இரண்டு தட்டு என்றால் நிறுத்து. பல வருஷம் இந்த இரண்டு வார்த்தையிலேயே சண்டை சச்சரவில்லாமல் குடித்தனம் நடத்தினார்கள். வாயைத் திறந்த அன்றுதான் கெட்டது.

அது ஒரு பல் டாக்டர் வீடு. உச்சி வெயிலில் கூரைத் தகரம் கொதித்தது. பல்லி இறங்கி வந்ததும் கிளிப்காரர் வழக்கம்போல ஏணியில் ஏறி, தலையை மட்டும் ஓட்டைக்குள் விட்டு, டார்ச் அடித்துப் பார்த்தார்.

"டேய், அந்தக் கடைசியில ரெண்டு கிளிப் எங்கடா?"

"முட்டி பிடிச்சுக்கிச்சு மச்சான். மெயினு ஆஃப்லதான இருக்கு? நாளைக்குக் காலையில ஏறி அடிச்சிடறேன்."

"நாளைக்கா? நாளைக்குன்னு சொல்றவனுக்குக் கரண்டு வேலை எதுக்குடா? போய் பலூன் ஊது!"

டாக்டர் சிரித்துவிட்டார். அவர் சிரிக்காமல் இருந்திருந்தால் ஒருவேளை இந்தக் கதையே இருந்திருக்காது. பல்லி தன் டார்ச்சை மச்சான் கையில் கொடுத்துவிட்டு, வீங்கிய முட்டியோடு நொண்டிக்கொண்டே வாசலைத் தாண்டினான். அதற்குப் பிறகு அக்கா வீட்டுப் படியை அவன் மிதிக்கவில்லை. பிள்ளை பிறந்த சேதியைக்கூட போனில்தான் சொன்னான், அதுவும் அக்காவிடம் மட்டும்.

"இருக்கிறது ஒரே தம்பி," என்றாள் மனைவி. "அவனை ஊரான் முன்னாடி பலூன் ஊதச் சொன்னீங்க. இனிமே கூரையில நீங்களே ஏறுங்க."

ஏறத்தான் வேண்டியிருந்தது. புதிதாகச் சேர்த்துக்கொண்ட யாரும் அவர் வாய்க்கு ஒரு வாரம் தாங்கவில்லை. ஆனால் இத்தனை காலம் தரையில் நின்று பிரசங்கம் செய்த உடம்பு சும்மா இருக்குமா? அது தன் பங்குக்கு முன்னேறியிருந்தது. ஏறுகிற ஓட்டை அப்படியேதான் இருந்தது, அவர்தான் அப்படியே இல்லை. மனைவி ஏணியைப் பிடித்துக்கொண்டு, "மூச்சை வெளிய விடுங்க, இன்னும் விடுங்க" என்று பிரசவம் பார்ப்பதுபோல உள்ளே அனுப்பிவைப்பாள்.

இந்த நிலையில்தான் மகள் ஒரு பழைய வீட்டை வாங்கினாள். வயரிங் முழுவதும் மாற்ற வேண்டும். அப்பா இருக்கும்போது வேறு ஆளா? ஏறினார். கட்டை மேல் மட்டும் முழங்காலை ஊன்றித் தவழ்ந்து, அளவெடுத்ததுபோல ஒவ்வொரு கிளிப்பாக அடித்தார். கடைசி அறை வந்தது. அங்கே கூரை சரிந்து சீலிங்கோடு கிட்டத்தட்ட ஒட்டியிருந்தது. தலை போனது, தோளும் போனது. வயிறு மாட்டேன் என்றது.

"அப்பா, ஆச்சா?" கீழிருந்து மகள் குரல்.

வயர் முனையை ஒரு நீளக் குச்சியில் கட்டி, சுவர் ஓட்டைப் பக்கமாகத் தள்ளினார். அது போய்ச் சேர்ந்தது. நடுவில் எங்கே படுத்தது, எதன்மேல் சாய்ந்தது என்று அவர் டார்ச் அடித்துப் பார்க்கவில்லை. தெரிந்தால் சும்மா இருக்க முடியாதே.

"ஆச்சும்மா. நாளைக்கு வந்து ரெண்டு கிளிப் மட்டும் அடிச்சிடறேன்."

சொன்ன பிறகுதான் அந்த 'நாளைக்கு' அவர் காதிலேயே விழுந்தது. பின்பக்கமாகவே தவழ்ந்து வெளியே வந்தார்.

அந்த 'நாளைக்கு' வரவே இல்லை. நடுவில் வேறு ஆட்கள் வந்து, வெயில் இறங்காமல் இருக்கக் கூரைக்குள் பஞ்சுப் பாய் விரித்துவிட்டுப் போனார்கள். வயர் கண்ணுக்கு மறைந்தது. கண்ணுக்கு மறைந்ததை மனசிலிருந்தும் மறைக்க அவர் நிறைய முயற்சி செய்தார். மகள் வீட்டுக்குப் போனால் கடைசி அறைக்குள் மட்டும் நுழைய மாட்டார்.

ஒருநாள் மகள் போன் செய்தாள். "அப்பா, கடைசி ரூம்ல ரப்பர் கருகுற மாதிரி வாசனை வருது. போன வாரம்தான் அங்க குளிருக்கு ஹீட்டர் மாட்டினோம்."

"மெயினை ஆஃப் பண்ணு. இப்பவே பண்ணு. எல்லாரையும் வெளிய கூட்டிட்டு வா. நான் வரேன்."

அவர் போய்ச் சேர்ந்தபோது வாசலில் இன்னொரு வண்டி நின்றது.

"மாமாவைக் கூப்பிட்டுட்டேன்ப்பா," என்றாள் மகள். "உங்களால ஏற முடியாதுன்னு அம்மாதான் சொன்னாங்க."

பல்லி உள்ளே ஏணியை விரித்துக்கொண்டிருந்தான். காதோரம் நரைத்திருந்தது. உடம்பு மட்டும் அதே ஈர்க்குச்சி.

"கண்ணு, மெயின் ஆஃபா?" என்று மருமகளிடம் கேட்டான். வந்ததும் மெயினைச் சரிபார்த்திருந்த கிளிப்காரர் அவனுக்கு ஒரு கை தூரத்தில்தான் நின்றார்.

"அப்பா, மாமா மெயின் ஆஃபான்னு கேக்கறார்."

"ஆஃப்னு சொல்லு."

"ஆஃபாம் மாமா."

இருந்தாலும் டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஏறினான். அடுத்தவன் வாயை நம்பி ஏறாதே என்று கற்றுக்கொடுத்தவர் தலையைக் குனிந்துகொண்டார்.

மேலே கட்டைகள் முனகின. சத்தம் கடைசி அறைப் பக்கம் போய் நின்றது. பஞ்சை விலக்குவது கேட்டது. பிறகு பல்லி திரும்பி வந்து ஓட்டை வழியாகத் தலையை நீட்டினான்.

"கண்ணு, இந்த வயரைப் போட்ட மகராசன் யாரு?"

மகள் அப்பாவைப் பார்த்தாள். கிளிப்காரர் சீலிங்கைப் பார்த்தார்.

"பஞ்சு போட்டவனுங்க இழுத்து விட்டிருப்பானுங்க..." என்று ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்திக்கொண்டார். "இல்லடா. நான்தான். வயிறு போகல. நாளைக்குப் பாத்துக்கலாம்னு..."

அந்த 'நாளைக்கு' என்ற ஒரு சொல்லுக்காகவே பல்லி இத்தனை வருஷம் காத்திருந்திருக்கலாம். சிரித்திருக்கலாம், பலூனை ஞாபகப்படுத்தியிருக்கலாம். இரண்டும் செய்யவில்லை.

"தகரத்து ஓரத்துல உரசித் தோல் போயிருக்கு மச்சான். பஞ்சு பழுப்பாயிடுச்சு. உங்க பேத்தி கட்டிலுக்கு நேர் மேல."

மச்சான் என்று கூப்பிட்டுவிட்டான். அதைக் கேட்டுச் சந்தோஷப்படக்கூட முடியாத இடத்தில் வந்து விழுந்தது அந்தச் சொல். கிளிப்காரர் கடைசி அறைக்குப் போய், பேத்தியின் கட்டிலைச் சுவரைவிட்டு நகர்த்தினார். எதற்கு நகர்த்துகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை.

ஹீட்டருக்கென்று தனியாகக் கனமான வயர் மேலே போனது. யாரும் சொல்லாமலே அவர் சுவர் ஓட்டைக்குப் பக்கத்தில் போய் நின்றார். முனை வந்தது. பலகையில் ஒரு தட்டு. இழுத்தார். ஒரு தட்டு. இழுத்தார். நடுநடுவே சுத்தியல் கிளிப் அடித்தது, முழத்துக்கு ஒன்று. பல வருஷம் பேசாத இரண்டு பேர் எவ்வளவு நன்றாகப் பேசிக்கொள்கிறார்கள் என்று மகள் அறை வாசலில் நின்று பார்த்தாள்.

கிளிப்காரர் வயரை விடாமல் அண்ணாந்தார். சீலிங்கைப் பார்த்து, "டேய், அன்னிக்கு அந்த டாக்டர் வீட்ல நான் பேசினது..." என்றார்.

மேலிருந்து இரண்டு தட்டு.

நிறுத்திக்கொண்டார்.

வேலை முடிந்து பல்லி இறங்கும்போது, அவன் கால் ஏணிப்படியைக் காற்றில் தேடியது. கிளிப்காரர் பழைய பழக்கத்தில் கணுக்காலைப் பிடித்துப் படியில் வைத்தார். பல்லி காலை இழுத்துக்கொள்ளவில்லை. இறங்கியதும், "இன்னொரு வீட்ல வேலை கெடக்கு கண்ணு" என்று மருமகளிடம் மட்டும் சொல்லிவிட்டு, கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டுக் கிளம்பினான். அவன் வாசலைத் தாண்டும்போது கிளிப்காரர் பார்த்தார். அந்தக் கால் இன்னும் நொண்டியது.

சாயங்காலம் மனைவி எதிரே வந்து உட்கார்ந்தாள். "மன்னிப்புக் கேட்டீங்களா?"

"ஆரம்பிச்சேன்."

"என்ன சொன்னான்?"

"ரெண்டு தட்டு தட்டினான்."

அவளுக்கும் அந்தப் பாஷை தெரியும். 

"ரெண்டு தட்டினா நீங்க கீழ என்ன பண்ணுவீங்க?"

"வயரைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நிப்பேன். விட்டுட்டா மேல ஓடிடும்."

"அப்ப நில்லுங்க," என்றாள் மனைவி.